ஸ்பார்க் பிளக்கை நாமே மாற்றலாம்

சென்ற ஆண்டு மழைக்காலம். ஊருக்குப் புறப்பட்ட மாமியாரை ரயிலேற்றிவிட, எங்கள் பழைய மாருதி ஆம்னியில் செம்பூரிலிருந்து தாதருக்குக் கிளம்பினோம். மேம்பாலம் ஏறும்போது வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றேவிட்டது. ரயிலும் போய்விட்டது. மறுநாள் ஒரு மெக்கானிக், "கார்புரேட்டரையே மாற்ற வேண்டும்" என்று பெரிய தொகை சொன்னார். பக்கத்து வீட்டு நண்பரோ மூன்று ஸ்பார்க் பிளக்குகளை மட்டும் மாற்றினார். வண்டி சீராக ஓடியது. அன்று அவரிடம் கற்றதை நம் சங்கத்து அன்பர்களுக்காக எழுதுகிறேன்.

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பொறி வைத்து எரிப்பது பிளக்கின் வேலை. ஆம்னியின் 796 சி.சி. என்ஜினில் மூன்று சிலிண்டர்கள். ஒரு பிளக் படுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போயிற்று. ஸ்டார்ட் ஆக அடம், மேட்டில் 'மிஸ்ஸிங்', மைலேஜ் குறைவு ஆகியவை அறிகுறிகள். டீசல் பிக்-அப் வைத்திருப்பவர்கள் தேட வேண்டாம். டீசல் அழுத்தத்தின் சூட்டிலேயே எரிவதால் அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது.

ஆம்னியில் என்ஜின் முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது. அது நன்றாக ஆறிய பிறகே கை வையுங்கள். ஒரு பிளக்கை மாற்றி முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். ஒயர்கள் இடம் மாறினால் வண்டி ஓடாது. ஒயரைப் பிடித்து இழுக்காமல், அதன் முனையிலுள்ள ரப்பர் மூடியைப் பிடித்துக் கழற்றுங்கள். பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை ஊதிவிட்டுப் பிறகு பிளக் ஸ்பானர் போடுங்கள்.

கழற்றிய பிளக்கைத் தூக்கி எறியாதீர்கள். அதுதான் என்ஜினின் ஜாதகம். நுனி இளம் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் உள்ளே கசிகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. கடைசி இரண்டுக்கும் நல்ல மெக்கானிக்கிடம் போவதே சரி.

புது பிளக்கின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். கார்புரேட்டர் வண்டிக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். கூட்டவோ குறைக்கவோ வெளிக்கம்பியை மட்டும் வளைக்கவும், நடுக்கம்பியைத் தொடக்கூடாது.

இனிதான் முக்கியக் கட்டம். சிலிண்டர் ஹெட் அலுமினியம். பிளக் கோணலாக ஏறினால் மரை போய்விடும். செலவைக் கேட்டால் நமக்கும் மரை கழன்றுவிடும்! ஆகவே முதலில் கையாலேயே கடைசிவரை திருகுங்கள். சிக்கினால் கழற்றி மறுபடி தொடங்குங்கள். வாஷர் நன்கு படிந்தபின் ஸ்பானரால் அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் பலம் காட்ட வேண்டாம். ஒயர் மூடியை 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள்.

சாதாரண பிளக்கை ஏறக்குறைய 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. பழையதில் சுமாரான ஒன்றைத் துடைத்து, ஸ்பானரோடு வண்டியிலேயே வைத்திருங்கள். இந்த ஆண்டு மாமியார் நேரத்துக்கு ரயிலேறினார்.