கப்பல் வருமா, காசு வருமா?

உல்லாசக் கப்பற் பிரயாணம் என்பது நம்மிற் பலருக்குப் படத்திற் கண்டு மகிழும் காட்சியேயன்றி வேறில்லை. மாடமாளிகை போன்ற வெண்ணிறக் கப்பலொன்று கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தால், கரையில் நின்று வியந்துவிட்டு வீடு திரும்புகிறோம். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் அஃது அத்துணை அரிய பொருளன்று. இளைப்பாறிய ஆசிரியரும், வெள்ளிவிழாக் காணும் தம்பதிகளும், பேரப்பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல விரும்பும் பாட்டன் பாட்டிமாரும் சிறுகச் சிறுகச் சேமித்து, ஓராண்டுக்கு முன்னரே இடம் பதிவு செய்துகொள்ளும் விடுமுறை அது. 2020ஆம் ஆண்டிற் கொரோனா நோய் உலகைப் பற்றியபோது இத்தகைய குடும்பங்கள் அடைந்த மனக்குழப்பம், நோயின் பெருந்துயரோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆயினும், முன்பணம் என்பது உண்மையில் யாருடைய பணம் என்ற கேள்வியை அது எழுப்பிற்று. அது குறித்தே இங்கு ஆராய்வோம்.

அவ்வாண்டு பெப்ரவரியில், யப்பானின் யொக்கோஹாமாத் துறையில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ என்னும் கப்பல் தடுத்து வைக்கப்பட்டது. அதிலிருந்த 3,711 பேரில் எழுநூற்றுக்கு மேற்பட்டோரை நோய் தொற்றிற்று. நோயாளர் எவரும் இருப்பதாகக் காணப்படாத ‘வெஸ்ரர்டாம்’ என்ற கப்பலையோ ஐந்து இடங்கள் ஏற்க மறுத்தன. இறுதியிற் கம்போடியாவே இடம் கொடுத்தது. மார்ச் 11ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இதனை உலகளாவிய கொள்ளைநோய் என அறிவித்தது. மூன்று நாட்களின் பின், அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையம் தன் நாட்டுத் துறைமுகங்களிலிருந்து உல்லாசக் கப்பல்கள் புறப்படலாகாதெனக் கட்டளையிட்டது.

இக்கதையில் நம் நாட்டுக்கும் சிறு பங்குண்டு. உலகைச் சுற்றப் புறப்பட்டு, வாரக்கணக்காகப் பிரயாணிகள் கரையிறங்க இயலாதிருந்த ‘எம்.எஸ்.சி. மக்னிபிக்கா’ ஏப்ரல் 6ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் வந்தபோது, அதிற் பணியாற்றிய இலங்கையர் ஒருவரை நமது கடற்படையினர் இறக்கி எடுத்தனர். ஏனையோருடன் கப்பல் மத்தியதரைக் கடலை நோக்கிச் சென்றது.

கப்பலிலிருந்தோரின் துன்பம் கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் கப்பலேறாதோரின் துன்பமோ காகிதத்தில் நிகழ்ந்தது. அதனைச் சற்று விளக்குவோம்.

இப்பிரயாணத்துக்குப் பதிவின்போது ஒரு முன்பணம் கட்டுதல் வேண்டும். எஞ்சிய தொகை முழுவதையும் புறப்பாட்டுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்னதாகச் செலுத்திவிடுதல் வேண்டும். தவணை தவறினாற் பதிவு அழியும், முன்பணமும் போம். பணம் கட்டியபின் பிரயாணி தாமே விலகினால், நாள் நெருங்க நெருங்கத் தண்டம் ஏறும். கம்பனியே பிரயாணத்தை இரத்துச் செய்தாலோ முழுத் தொகையும் திரும்பும். ஆகவே, ஆவணியிற் செல்லவிருந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வைகாசியில் மிகுதித் தொகையைக் கட்டுவதா, விடுவதா? கப்பல் போகாது என்பது அவர்கள் உள்ளத்துக்குத் தெரிகிறது. ஆனால் ‘போகாது’ என்று கம்பனி வாய் திறக்கவில்லை. முந்தி விலகியவருக்கு நட்டம், காத்திருந்தவருக்குக் காசு. போகவே போகாத கப்பலுக்கு, அது போகாதென்று சொல்வதைக் கேட்பதற்காகவே பணம் கட்டும் விந்தை நிலை எய்திற்று!

கம்பனிகளோ ஒரே முறையிற் சொல்லவில்லை. நோய்த் தடுப்பு நிலையத்தின் தடை முதலில் முப்பது நாட்களுக்கே; பின்னர் யூலை வரை, செப்டெம்பர் வரை, ஒக்டோபர் வரை என நீண்டது. அதனை ஒட்டிக் கம்பனிகளும் ஓரிரு மாதங்களாகத் துண்டு துண்டாக இரத்துச் செய்தன. அரசின் கட்டளையே தவணை தவணையாக வந்ததென்பது மெய்தான். ஆயினும், ஓராண்டுப் பயணங்களை ஒருங்கே இரத்துச் செய்தால் ஓராண்டுப் பணத்தையும் ஒருங்கே திருப்ப நேருமே! இக்காரணமும் உடனிருந்ததென நாம் எண்ணுவதிற் பிழையிராது.

பணத்தைத் திருப்பாதிருக்க அவர்கள் கண்ட உபாயம் ‘வருங்காலப் பிரயாண வரவு’ என்னும் சீட்டு. நூறு டொலரைக் காசாகக் கேட்டால் நூறு கிடைக்கும், அதுவும் இரண்டு மூன்று மாதம் காத்திருந்தபின். காசு வேண்டாம், பிறிதொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றாற் பல கம்பனிகள் நூற்றிருபத்தைந்து டொலருக்குச் சீட்டுத் தந்தன. ‘கிடைக்கப்போகிற பலாக்காயிலும் கிடைத்த களாக்காய் மேல்’ என்பர் நம் முன்னோர். ஆனால் கால்வாசி மேலதிகம் என்றவுடன் பலாக்காயின் மேற் கண் போவது மனித இயல்பு. அப்படிச் சீட்டுப் பெற்று 2021க்கு மறுபடியும் பதிவு செய்தோர் பலரின் இரண்டாம் பயணமும் இரத்தாயிற்று, சிலருக்கு மூன்றாவதும். சீட்டாற் செலுத்திய பகுதி மீண்டும் சீட்டாகவே வந்தது. மறுவருடக் கட்டணமோ சில வழிகளில் உயர்ந்திருந்தமையால், மேலதிகமாகக் கிடைத்த கால்வாசியை அவ்வுயர்வே விழுங்கிற்று.

இதனை வேறொரு கணக்கோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். 2020 ஏப்ரலில், இத்தொழிலிற் பெருங் கம்பனியாகிய கார்னிவல், நானூறு கோடி டொலரைக் கடன்பத்திரங்களால் திரட்டிற்று. வட்டி நூற்றுக்கு 11.5, கப்பல்களே ஈடு. இக்கம்பனிகள் பனாமா, லைபீரியா, பேர்மியூடா போன்ற நாடுகளிற் பதிவு பெற்றவையாதலின், அமெரிக்க அரசின் பெரு நிவாரண நிதியும் அவற்றுக்கு எட்டவில்லை. செல்வந்தர் கடன் கொடுத்தபோது ஈடு வாங்கிக்கொண்டனர். சீட்டைப் பெற்ற இளைப்பாறிய ஆசிரியரும் அதே கம்பனிகளுக்குக் கடன் கொடுத்தவரேயாவர். அவர் பெற்ற ஈடோ ஒரு மின்னஞ்சல். சீட்டுக்கட்டி அனுபவப்பட்ட நம் தாய்மாருக்கு இதன் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

எல்லாக் கம்பனிகளும் தப்பிப் பிழைக்கவுமில்லை. பிரித்தானியாவின் ‘குரூஸ் அன்ட் மரிற்றைம் வொயேஜஸ்’ 2020 யூலை 20ஆம் திகதி முறிந்தது. அதன் பழைய கப்பல்களுள் ‘மார்க்கோ போலோ’ இந்தியாவின் அலாங் கரையில் உடைக்கப்படுவதற்கு விற்கப்பட்டது. ஸ்பானியாவின் ‘புல்மாந்தூர்’ அதற்கு முந்திய மாதமே நீதிமன்றத்தை நாடியிருந்தது.

அமெரிக்கத் துறையிலிருந்து கட்டணப் பிரயாணிகளுடன் முதலாவது பெருங் கப்பல் மீண்டும் புறப்பட்டது 2021 யூன் 26ஆம் திகதியே. புளோரிடாவிலிருந்து சென்ற ‘செலிபிரிற்றி எட்ஜ்’ அது. பதினைந்து மாதங்கள் கடந்துவிட்டன. சீட்டுகளின் காலவெல்லையையும் கம்பனிகள் பலமுறை நீட்டவேண்டியதாயிற்று. 2022இல் அந்நாட்டின் கடல்வாணிப ஆணைக்குழு ஒரு விதியை இயற்றியது. அதன்படி, பயணம் இரத்தானாலோ, ஏறும் நாள் மூன்று நாட்களோ அதற்கு மேலோ பிந்தினாலோ, அது நிறைவேறாத பயணம் எனக் கொள்ளப்படும். மாற்றுப் பயணத்தை ஏற்க விரும்பாத பிரயாணி தம் பணத்தைக் கேட்டுப் பெறலாம். சீட்டா, காசா என்று தீர்மானிக்கும் உரிமை பிரயாணிக்கே என்பதைச் சட்டத்தில் எழுதுவதற்கு ஒரு கொள்ளைநோய் வரவேண்டியிருந்தது.