நிழலை நிறுத்திய வித்தை

கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் அளித்த பெருமை பேத்தமங்களா ஏரிக்கு உண்டு. அதன் கரையோரத்து ஓட்டு வீடொன்றில் நண்பகலில் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கூரையின் சிறு துளை வழியே தரையில் வெயில் வட்டமாக விழுகிறது. துளை கோணலாக இருந்தாலும் விழுவது வட்டமே. ஏனெனில் அது துளையின் வடிவம் அன்று, கதிரவனின் உருவம். சூரிய கிரகணத்தின்போது அவ்வட்டமே பிறையாகத் தேய்வதைக் காணலாம்.

இவ்விந்தையைப் பெரிய அளவில் காண விரும்புவோர், இதே கர்நாடக மாநிலத்திலுள்ள ஹம்பிக்குச் செல்லலாம். அங்கே விரூபாட்சர் கோயிலில் இருண்ட அறையொன்றின் சுவரில் ஒரு சிறு துளை உண்டு. எதிர்ச்சுவரில் கோபுரத்தின் உருவம் தலைகீழாகத் தோன்றும். ஒளி நேர்கோட்டில் செல்வதால், கோபுர உச்சியிலிருந்து வரும் கதிர் துளையைக் கடந்து கீழேயும், அடியிலிருந்து வரும் கதிர் மேலேயும் விழுகின்றன. காமிராவும் இத்தகைய இருட்டறையே. துளையின் இடத்தில் அமைந்த கண்ணாடி வில்லை, மிகுதியான ஒளியை ஏற்று, உருவம் தெளிவாக விழும்படி குவிக்கிறது.

ஆகவே, உருவத்தை வருவிப்பது அரிதன்று. வந்ததை நிறுத்துவதே அரிது. பிரான்சு நாட்டுத் தாகேர் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவத்தை நிறுத்திய முறை 1839-இல் உலகுக்கு வெளியாயிற்று. இங்கிலாந்தின் டால்பட் காகிதத்தில் அதனைச் சாதித்தார். வெள்ளி உப்பில் ஒளி பட்ட இடம் மருந்து நீரில் கறுக்கும். எஞ்சிய உப்பை ஹைப்போ கரைசல் நீக்கிவிடும். பின்னர்ப் படம் அழியாது.

இதன் பயனைத் தமிழகம் விரைவிலேயே பெற்றது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராயிருந்த காப்டன் லின்னேயஸ் ட்ரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து இணைத்தார். அத்தொடரின் நீளம் ஏறத்தாழ 19 அடி. கல் தேயலாம், உடையலாம். அன்று அது இருந்த நிலைக்கு அப்படமே சாட்சி.

இன்று வெள்ளி உப்பின் வேலையைப் பெரும்பாலும் மின்னணுச் சில்லு செய்கிறது. ஆயினும் நம் வீட்டுப் பெட்டிகளில் பழம்படங்கள் பல உறங்குகின்றன. தங்கவயலின் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. அங்கு உழைத்தோரின் முகங்களை அடுத்த தலைமுறை அத்தகைய படங்களில்தான் காண இயலும். அவற்றை ஈரமும் வெயிலும் படாமல் வையுங்கள். படத்தின் பின்புறம் பென்சிலால் மென்மையாகப் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். உருவத்தை ஒளி தந்தது. அது யாருடையதென்று சொல்ல வேண்டியவர் நாமே.