சின்னம்மைத் தடுப்பூசி: பெற்றோர் தெளிவு பெற வேண்டியவை



பிள்ளைக்குச் சின்னம்மைத் தடுப்பூசி போடலாம் என்கிறார் மருத்துவர். "அதில் பன்றியின் பொருள் கலந்திருக்கிறதாமே" என்கிறார் ஒருவர். "சின்னம்மை எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்து போவதுதானே" என்கிறார் மற்றொருவர். இடையில் தயங்கி நிற்போர் நம்மில் பலர். பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ஆகவே இவ்விரு கூற்றுகளையும் ஆராய்ந்தறிவது நம் கடமையாகும்.

சின்னம்மை அற்பமான நோயா? பெரும்பாலான பிள்ளைகள் பத்து நாட்களுக்குள் நலமடைகின்றனர் என்பது உண்மையே. ஆயினும் சிலருக்குக் கொப்புளங்களில் சீழ் பிடிக்கிறது. நுரையீரலும் மூளையும் பாதிக்கப்படுகின்றன. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு தடுப்பூசி நடைமுறைக்கு வருமுன், ஆண்டுதோறும் சுமார் 40 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர். 10,000 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 100 முதல் 150 பேர் வரை இறந்தனர். தடுப்பூசி பரவிய பின் நோயாளிகளின் எண்ணிக்கை 90 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தது. மேலும், நோய் நீங்கினாலும் கிருமி நரம்புகளில் தங்கி, பிற்காலத்தில் அக்கியாக வெளிப்படக்கூடும்.

இத்தடுப்பூசியை உருவாக்கியவர் ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தகஹாஷி. தம் மகன் சின்னம்மையால் கடுமையாக வருந்தியதைக் கண்டு ஆய்வில் இறங்கிய அவர், 1974இல் அதன் முடிவை வெளியிட்டார். வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமியே இம்மருந்து. ஒரு தவணை 80 விழுக்காட்டளவும், இரு தவணைகள் 90 விழுக்காட்டிற்கு மேலும் பாதுகாப்பளிக்கின்றன. முதல் தவணை ஒரு வயது நிறைந்த பின் போடப்படுகிறது.

இது பாதுகாப்பானதா? ஊசி போட்ட இடத்தில் வலி, இலேசான காய்ச்சல், சில கொப்புளங்கள் ஆகியவை தோன்றி மறையலாம். கடும் ஒவ்வாமை மிக அரிது. ஆயினும் கர்ப்பிணிகளுக்கும், நோயெதிர்ப்பு ஆற்றல் மிகவும் குன்றியோருக்கும், ஜெலட்டின் அல்லது நியோமைசின் கடுமையாக ஒவ்வாதோருக்கும் போடலாகாது. போட்ட பின் ஆறு வாரங்களுக்குப் பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

இனி, மார்க்கம் தொடர்பான ஐயம். சில தயாரிப்புகளில் மருந்து கெடாதிருக்கப் பன்றியின் ஜெலட்டின் சேர்க்கப்படுவது உண்மையே. 1995இல் குவைத்தில் கூடிய மார்க்க அறிஞர்களும் மருத்துவர்களும், அசுத்தமான பொருள் தன் தன்மை முற்றிலும் மாறி வேறொரு பொருளாகிவிட்டால் அது தூய்மையானதே என்ற "இஸ்திஹாலா" அடிப்படையில் இதனை அனுமதித்தனர். இம்மாற்றத்தை ஏற்காத அறிஞர்களும் உள்ளனர். ஆனால் ஜெலட்டின் சேராத சின்னம்மைத் தடுப்பூசியும் தயாரிக்கப்படுகிறது. எனவே ஊசி போடுமுன் மருந்தின் உட்பொருட்களை மருத்துவரிடம் கேளுங்கள். ஜெலட்டின் இல்லாததைக் கோருங்கள். அது கிடைக்காவிட்டால் உங்கள் ஆலிமை அணுகித் தெளிவு பெறுங்கள். ஐயத்தைக் காரணமாக்கி ஆண்டுகளைக் கடத்திவிடாதீர்கள்.

புற்றுநோய்க்கு மருந்துண்ணும் அண்டை வீட்டுப் பிள்ளைக்கு இத்தடுப்பூசி போட இயலாது. நம் பிள்ளை நோயுறாதிருப்பதே அப்பிள்ளைக்கும் அரண். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவன் மீது பொறுப்புச் சாட்டக் கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. நம் மக்கள் அனைவருக்கும் அல்லாஹ் நலவாழ்வைத் தந்தருள்வானாக! ஆமீன்.