வெடிச்சத்தமும் காதுக் காப்பும்

பட்டாசு வெடிக்கும் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இரண்டும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் உச்சத்துக்கு ஏறி அடங்கிவிடும். நூற்பாலையின் இரைச்சல் ஆண்டுக்கணக்கில் காதைத் தேய்க்கும்; வெடிச்சத்தம் ஒரே அடியில் காயப்படுத்திவிடும். அதனால் துப்பாக்கிச் சுடுதளங்களில் காதுகளை மூடப் பயன்படும் மின்னணு இயர்மஃப், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலைகளின் சோதனைத் திடலுக்கும் பொருந்தும்.

உட்காதில் சுருண்டிருக்கும் காக்லியா என்னும் உறுப்பில் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் உள்ளன. ஒலியை நரம்புக்குச் சொல்பவை இவையே. ஒருமுறை அழிந்தால் இவை மறுபடி வளர்வதில்லை. பேரொலி எழும்போது நடுக்காதிலுள்ள சிறு தசை சுருங்கிக் காதைக் காக்க முயலும். ஆனால் அது சுருங்கி முடிப்பதற்குள் வெடிச்சத்தம் உள்ளே போய்விடும். பெரும்பாலும் முதலில் பழுதாவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கும் திறன். பேசுவது காதில் விழும், சொல் பிடிபடாது. காதுக்குள் ஓயாத ரீங்காரமும் சேர்ந்துகொள்ளலாம்.

பட்டாசுச் சத்தத்துக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. 1999 அக்டோபரில் வந்த சுற்றுச்சூழல் விதியின்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் உச்ச ஒலி 145 டெசிபலைத் தாண்டக் கூடாது. 15 மீட்டர் தொலைவுக்கு ஒலியை எதிரொலிக்கும் சுவர் எதுவும் இல்லாத திறந்த வெளியில் இதை அளக்கவேண்டும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்களின் காதுக்கு 140, குழந்தைகளின் காதுக்கு 120 டெசிபல் என்று உச்ச வரம்பு வைக்கிறது.

திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். சட்ட வரம்பைத் தொடும் ஒரு வெடி 8 மீட்டரில் 139 டெசிபலாகும். குழந்தைகளுக்கான வரம்புக்குள் வர 70 மீட்டருக்கு மேல் விலகி நிற்கவேண்டும். மாறாக, 2 மீட்டருக்கு நெருங்கினால் அதே வெடி 151 டெசிபல். ஆக, விதிக்கு உட்பட்ட பட்டாசும் பக்கத்தில் நிற்பவரின் காதுக்குப் பாதுகாப்பானது அல்ல. தீபாவளிக்கு வெடிப்பவருக்கு அது ஓரிரு நாள். ரகம் ரகமாக வெடித்துப் பார்ப்பதையே வேலையாகக் கொண்டவருக்கு அது தொழில்முறை ஆபத்து.

காப்பு வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது, மின்னணு இயங்காத நிலையில் அது எவ்வளவு ஒலியைத் தடுக்கிறது என்பது. அமெரிக்கப் பொருள்களில் இது என்ஆர்ஆர் என்றும், ஐரோப்பியப் பொருள்களில் எஸ்என்ஆர் என்றும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டின் கணக்கும் வேறு. ஒன்றை மற்றதோடு ஒப்பிடக் கூடாது. இந்த எண்கள் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தவை. பயன்பாட்டில் இயர்மஃபுக்கு 25 விழுக்காடும், விரலால் உருட்டிச் செருகும் நுரை இயர்பிளக்குக்கு 50 விழுக்காடும் கழித்துக்கொள்ளும்படி அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1998-இல் சொன்னது. 28 என்று போட்ட இயர்மஃப், 21 தரும் என்று கொள்ளலாம். பெரிய வெடிகளைச் சோதிப்போரும், நாற்புறமும் சுவர் உள்ள சுடுதளத்தில் சுடுவோரும் இயர்பிளக்கைச் செருகி அதன்மேல் இயர்மஃபும் அணிவதே நல்லது. இரண்டின் எண்களும் அப்படியே கூடுவதில்லை. சுமார் 5 டெசிபல்தான் கூடுதலாகக் கிடைக்கும்.

அடுத்தது மின்னணுப் பகுதி. இயர்மஃபின் வெளிப்புற மைக் சுற்றிலும் கேட்கும் பேச்சை வாங்கி உள்ளிருக்கும் ஒலிபெருக்கிக்கு அனுப்பும். ஒலி 82 அல்லது 85 டெசிபலைத் தாண்டினால் பெருக்குவதை மட்டுப்படுத்தும் அல்லது நிறுத்திவிடும். வெடிச்சத்தத்தைத் தடுப்பது அப்போதும் காதை மூடும் கிண்ணமும் அதன் விளிம்பிலுள்ள மெத்தையும்தான். இதன் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. சாதாரண இயர்மஃப் அணிந்தவர் மற்றவர் பேசுவதைக் கேட்க அதைக் கழற்றுவார். கழற்றிய நேரத்தில் எதிர்பாராமல் ஒரு வெடி வெடிக்கும். எச்சரிக்கைக் குரல் காதில் விழுமானால் கழற்ற வேண்டியதே இல்லை. ஒலியைச் சட்டென்று துண்டித்துவிடும் வகையைவிட, பேச்சு அறுபடாமல் அளவாகக் குறைக்கும் வகை வசதியானது. இரு காதுக்கும் தனித்தனி மைக் இருந்தால் குரல் வரும் திசையும் தெரியும். துப்பாக்கிக் கட்டையில் கன்னம் வைத்துச் சுடுவோருக்குக் கிண்ணம் ஒல்லியாக இருக்கவேண்டும். இல்லையேல் கட்டையில் இடித்து விலகும். போட்டிகளில் வானொலி, புளூடூத் போன்று வெளியிலிருந்து செய்தி வாங்கும் வசதி கொண்டவற்றுக்குத் தடை இருப்பதால், வாங்குமுன் விதியைக் கேட்டறிவது அவசியம்.

மின்னணு இயர்மஃப் திறந்தவெளிச் சோதனைத் திடலுக்கு மட்டுமே உரியது. வெடிமருந்து கலக்கும், செலுத்தும் அறைகளுக்குள் அலைபேசிக்கு இடமில்லை. பேட்டரியில் ஓடும் இந்தக் கருவிக்கும் இடமில்லை. திடலிலும் அது காதைத்தான் காக்கும். விலகி நிற்கவேண்டிய தூரத்தைக் குறைத்துக்கொள்ள அது அனுமதிச்சீட்டு அல்ல.

கருவி நல்லதாக இருந்தாலும் மெத்தை தலையோடு ஒட்டாவிட்டால் பயனில்லை. தடித்த கண்ணாடிக் காம்பு, தலைத்துண்டு, அடர்ந்த முடி ஆகியவை இடைவெளி உண்டாக்கி ஒலியை உள்ளே விடும். விருதுநகர் வெயிலில் வியர்வை பட்டு மெத்தை விறைத்து விரிசல் விடும். அவ்வப்போது அதைத் துடைத்து, விறைத்ததும் மாற்றவேண்டும். உதிரி மெத்தை கிடைக்காத இயர்மஃபை வாங்குவது வீண்.

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்று. எனவே இதைத் தொழிலாளியின் தனிப்பட்ட கவனத்துக்கு மட்டும் விட்டுவிட முடியாது. திடலில் பணிக்கு அனுப்புமுன் ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கொருமுறையும் ஆடியோமெட்ரி சோதனை செய்து முடிவுகளை ஒப்பிட்டால், பேச்சு புரியாமல் போவதற்கு முன்பே பழுதைக் கண்டுகொள்ளலாம். தொழிலாளியை வேறு பணிக்கு மாற்றவும் அப்போது காலம் இருக்கும்.