கைப்பேசிச் செயலி: முதற்படி



கைப்பேசியை நாம் நாள்தோறும் கையாளுகின்றோம். தொட்டால் செய்தி வருகின்றது. மீண்டும் தொட்டால் பணம் போகின்றது. இவற்றைச் செய்யும் செயலிகளை ஆக்குவோர் எங்கோ பெருநகரங்களில் இருப்பவர் என்றும், அத்தொழில் நமக்கு எட்டாதது என்றும் பலர் எண்ணுகின்றனர். பேராவூரணிப் பக்கத்து மாணவர்கள் என்னிடம், "ஐயா, செயலி ஒன்றை நாங்களே செய்ய இயலுமா? எந்தக் கணினி மொழியைக் கற்பது? எங்கே தொடங்குவது?" என்று கேட்பதுண்டு. மொழியில் தொடங்க வேண்டா. உங்களுக்குத் தெரிந்த ஒருவருடைய கேள்வியில் தொடங்குங்கள் என்பதே நான் அவர்களுக்குக் கூறும் விடை.

செயலி என்பது யாது? அதனுள் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது காட்சி, அதாவது திரையில் தெரியும் எழுத்தும், பொத்தானும், பெட்டியும். இரண்டாவது நிகழ்ச்சி, விரல் பொத்தானைத் தொடுவது ஒரு நிகழ்ச்சி. "இது நிகழ்ந்தால் இதனைச் செய்க" என்று எழுதி வைக்கும் கட்டளைத் தொடரே நிரல் எனப்படும். மூன்றாவது நினைவு, செயலியை மூடித் திறந்த பின்னும் அழியாமல் இருக்க வேண்டியவற்றைச் சேமித்து வைக்கும் இடம். எவ்வளவு பெரிய செயலியாயினும் இம்மூன்றின் விரிவே ஆகும்.

இனி நம் ஊர்க் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. புது ஆறு என்று நாம் வழங்கும் கல்லணைக் கால்வாயும் அத்திட்டத்தைச் சேர்ந்ததே. பேராவூரணி அக்கால்வாய்ப் பாசனத்தின் கடைமடைப் பகுதி. மேட்டூரில் ஜூன் 12ஆம் நாள் நீர் திறப்பது மரபு. ஆயினும் 2022இல் மே 24ஆம் நாளே திறந்தார்கள். 2023இல் ஜூன் 12. 2024இல் ஜூலை 28. 2025இல் மீண்டும் ஜூன் 12. இந்நாள்கள் செய்தித்தாளில் வருகின்றன. ஆனால் அந்நீர் கல்லணையைக் கடந்து, கிளை வாய்க்கால்களில் பிரிந்து, நம் வயலின் மடைக்கு வந்து சேர்ந்த நாளை எந்தச் செய்தித்தாளும் எழுதுவதில்லை. நாற்றங்கால் எப்பொழுது இடுவது என்று கவலையுறும் உழவருக்கோ அந்த நாளே முக்கியம். "திறந்த நாளுக்கும் எங்கள் மடைக்கு வந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள்?" என்பதே அவருடைய கேள்வி. முதற் செயலிக்கு இதனினும் ஏற்ற பொருள் வேண்டுமோ?

கணினியைத் திறக்குமுன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் வடிவில் ஒரு கட்டம் வரையுங்கள். மேலே "மேட்டூர் திறந்த நாள்". அதன் கீழே "மடைக்கு வந்த நாள்". அதற்கும் கீழே "சேமி" என்னும் பொத்தான். அடியில் விடை தோன்றும் இடம். இவ்வளவே போதும். வானிலை, நெல் விலை, அழகிய படம் ஆகியவற்றையும் சேர்க்க ஆசை எழும். அவ்வாசையை அடக்கிக்கொள்ளுங்கள். தொடங்குவோரின் செயலிகள் பல பாதியில் நின்றுபோவது அறிவுக் குறைவால் அன்று. அளவுக்கு மீறிய ஆசையால்.

அடுத்தது கருவி. ஆப் இன்வென்டர் என்னும் கருவியைத் தொடக்க நிலையினர்க்கு நான் பரிந்துரைக்கின்றேன். கூகுள் நிறுவனம் இதனை 2010ஆம் ஆண்டில் வெளியிட்டது. பின்னர் இது அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பொறுப்புக்கு வந்து, 2012 முதல் அங்கிருந்து அனைவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. இதில் கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டுவதில்லை. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும்; குழந்தைகள் விளையாட்டுக் கட்டைகளைப் பொருத்துவதுபோல் ஒன்றோடொன்று பொருத்தலாம். பொருந்தாதவை ஒட்டமாட்டா. கணினியில் பொருத்தியதைக் கம்பேனியன் என்னும் துணைச் செயலியின் வழியே உங்கள் கைப்பேசியில் உடனே இயக்கிப் பார்க்கலாம். சொந்தக் கணினி இல்லாதவர் பள்ளிக் கணினியிலேயே பழகலாம்.

இப்பொழுது கணக்கிற்கு வருவோம். மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்த நீர் மடைக்கு ஜூலை 5 அன்று வந்தது என்று எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். நாள் எண்ணை மட்டும் கழித்தால், ஐந்திலிருந்து பன்னிரண்டு போக, விடை கழித்தல் ஏழு என வரும்! நீர் திறப்பதற்கு ஏழு நாள் முன்னரே வந்துவிட்டது என்று செயலி கூறினால் உழவர் நகைப்பார். ஜூன் மாதத்தில் எஞ்சியவை 18 நாள். ஜூலையில் 5 நாள். ஆக 23 என்று நாம் மனத்தால் எண்ணிவிடுகின்றோம். கணினி என்ன செய்கின்றது? 1970 ஜனவரி முதல் நாளிலிருந்து கழிந்த மில்லிவினாடிகளாக ஒவ்வொரு தேதியையும் மாற்றிக்கொள்கின்றது. ஒரு நாளுக்கு 8 கோடியே 64 இலட்சம் மில்லிவினாடி. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்து, ஒரு நாளின் அளவால் வகுத்தால் 23 என்று விடை கிடைக்கும். ஆகவே தேதியை வெறும் எழுத்தாகச் சேமிக்காமல் இவ்வெண்ணாகச் சேமியுங்கள். ஆப் இன்வென்டரில் தேதி தேர்ந்தெடுக்கும் உறுப்பு உண்டு. கழிப்பதற்குக் கடிகார உறுப்பு உண்டு. சேமிப்பதற்கு டைனி டிபி என்னும் உறுப்பு உண்டு. கடைசியாகக் கூறியது கைப்பேசியின் உள்ளேயே குறிப்பை வைத்துக்கொள்வதால், இணையம் எட்டாத வயல்வெளியிலும் செயலி இயங்கும்.

செயலி ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்ததென்று எண்ணிவிடாதீர்கள். அதனைச் சோதிக்க வேண்டும். தேதி கொடாமல் பொத்தானை அழுத்துங்கள். இரு தேதிகளையும் மாற்றிக் கொடுங்கள். மூடித் திறந்து பாருங்கள். பின்னர், எந்த உழவருக்காகச் செய்தீர்களோ அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, விளக்கம் ஒன்றும் கூறாமல் அருகில் நின்று கவனியுங்கள். அவர் விரல் எங்கே தயங்குகின்றதோ அங்கே உங்கள் செயலியில் குறை உள்ளது.

அவர் கேட்கக்கூடிய வினாக்கள் இரண்டு உண்டு. "வந்த நாள் என்று எதைக் குறிப்பது, தம்பி? வாய்க்காலில் நீர் தலைகாட்டிய நாளையா, வயலுக்குப் பாயும் அளவு வந்த நாளையா?" என்பது ஒன்று. இதற்கு எந்தக் கணினியும் விடை கூறாது. அவரோடு பேசி ஒரு பொருளை முடிவு செய்து, அதனைத் திரையிலேயே எழுதிவிடுங்கள். "நீர் வாராமலே போன ஆண்டை எப்படிக் குறிப்பது?" என்பது மற்றொன்று. இரண்டு தேதி இருந்தாலன்றி ஏற்காத செயலியில் அந்த ஆண்டு இடம்பெறாது. கடைமடைக்காரர் மறவாமல் குறித்து வைக்க வேண்டிய ஆண்டே குறிப்பில் இல்லாமற் போவது எத்துணைப் பெரிய பிழை! "வரவில்லை" என்று ஒரு பொத்தான் சேர்த்தால் அப்பிழை நீங்கும். ஒரு கட்டைதான் கூடுதல். ஆனால் அதன் தேவையை வயலில் நிற்பவரே உங்களுக்குக் கூற முடியும்.

திரையில் உள்ள சொற்கள் எல்லாம் தமிழிலேயே இருக்கட்டும். இதற்கு இன்று தடையேதும் இல்லை. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் அவர்கள் ஆக்கிய செல்லினம் 2005ஆம் ஆண்டிலேயே கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி திறந்தது. கைப்பேசி என்றால் ஆங்கிலம் என்றிருந்த நாளில், "என் மொழியில் எழுத முடியவில்லையே" என்னும் ஒரு குறையிலிருந்து பிறந்த செயலி அது.

ஆக்கிய செயலியைக் கூகுள் கடையில் வைக்க வேண்டுமானால் ஒரு முறைக் கட்டணமாக 25 டாலர் செலுத்திப் பதிவு செய்ய வேண்டும். முதற் செயலிக்கு அது வேண்டுவதில்லை. நிறுவுவதற்குரிய கோப்பை ஆப் இன்வென்டரே ஆக்கித் தரும். அதனை நேரே அவருடைய ஆண்டிராய்டு கைப்பேசியில் ஏற்றிவிடலாம். வண்ணக் கட்டைகளில் கை பழகிய பின்னர் காட்லின் முதலிய நிரல்மொழிகளுக்குச் செல்லுங்கள். நிகழ்ச்சி, நிபந்தனை, நினைவு என்னும் கருத்துகள் அங்கும் இவையே.

ஓர் எச்சரிக்கையும் கூறுவேன். மூன்று ஆண்டுக் குறிப்பு சேர்ந்ததும், "அடுத்த ஆண்டு இன்ன நாளில் நீர் வரும்" என்று செயலியைச் சொல்லவைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். அணையின் இருப்பும், மழையும், மதகுகளின் முறையும் உங்கள் நிரலுக்குத் தெரியா. அதன் சொல்லை நம்பி ஒருவர் விதை விட்டுவிட்டு, நீர் வாராது நாற்று கருகினால் இழப்பு அவருடையது. நடந்ததை மட்டும் பிழையின்றிக் குறித்து வைக்கும் செயலியே நல்ல செயலி. அத்தகைய குறிப்பைப் பத்து மடைகளில் பத்து மாணவர்கள் ஐந்தாண்டுக் காலம் எழுதி வந்தால், கடைமடைக்கு நீர் எப்பொழுது வருகின்றது என்பதை ஊரார் அதிகாரிகள் முன் கணக்கோடு எடுத்துரைக்கலாம். இன்றைக்கு ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்து, முதற் கட்டத்தை வரையுங்கள்.