பொய் விபத்து வழக்கா? பயமும் வேண்டாம், மவுனமும் வேண்டாம்!

"உங்கள் கார் மோதி ஒருவருக்குக் கால் முறிந்தது, நஷ்ட ஈடு தரவேண்டும்" என்று கோர்ட்டு நோட்டீசு வருகிறது. ஆனால் அன்று அந்தக் கார் அந்தப் பக்கமே போகவில்லை!

இப்படியும் நடக்கிறது. எங்கோ தடுக்கி விழுந்தவரின் வழக்கில், இன்சூரன்ஸ் உள்ள யாரோ ஒருவரின் வண்டி எண்ணைச் சேர்த்துவிடுகிறார்கள். உத்தரப்பிரதேசத்தில் இத்தகைய மோசடியை விசாரிக்க 2015-ல் அலகாபாத் ஐகோர்ட்டு தனிப்படை அமைக்க உத்தரவிட்டது. 2021-ல் அம்மாநில பார் கவுன்சில் 28 வக்கீல்களை சஸ்பெண்டு செய்தது.

பாஷை தெரியாத ஊராயிற்றே என்று நோட்டீசை வாங்காமல் திருப்பி அனுப்புவது ஆபத்து. ஆஜராகாவிட்டால் தீர்ப்பு ஒருதலைப்பட்சமாகிவிடும். இன்சூரன்ஸ் இல்லையென்றால் முழுப்பணமும் வண்டிச் சொந்தக்காரர் தலையில்தான்.

என்ன செய்வது?

நோட்டீசின் நகலை உடனே இன்சூரன்ஸ் கம்பெனியில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

அன்று வண்டி எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சியம் திரட்டுங்கள். ஆபீஸ் வருகைப் பதிவேடு, சுங்கச்சாவடி ரசீது, ஒர்க்‌ஷாப் பில் எல்லாம் உதவும். கேமரா பதிவு அழியுமுன் கேட்டு வாங்குங்கள்.

எப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரிச் சீட்டு நகல்களை வக்கீலிடம் காட்டுங்கள். புகார் எத்தனை நாள் தாமதம்? முதலில் வண்டி எண் சொல்லப்பட்டதா? "கீழே விழுந்தார்" என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா? பொய் பெரும்பாலும் இங்கேதான் பிடிபடும்.

புரியாத பாஷையில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "கொஞ்சம் கொடுத்து முடித்துவிடலாம்" என்பவரையும் நம்பாதீர்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லையா? பெண்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணையம் இலவசமாக வக்கீல் தரும். தீர்ப்பு பாதகமானால் 90 நாளுக்குள் ஐகோர்ட்டில் அப்பீல் செய்யலாம்.