நீரில் தழைக்கும் நீர்ப்பிரமி

வயல் வரப்பிலும் குளக்கரைச் சேற்றிலும் தரையோடு தரையாகப் படர்ந்து வளரும் சிறு பூண்டு நீர்ப்பிரமி. தடித்த சிற்றிலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும்; பூக்கள் வெண்மையாகவோ வெளிர்நீலமாகவோ இருக்கும். வல்லாரையையும் பிரமி என அழைக்கும் வழக்கம் சில பகுதிகளில் உண்டு. எனினும், இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை.

வளர்க்கும் முறை

இதன் ஒவ்வொரு கணுவும் வேர்விடும் ஆற்றல் உடையது. ஆகவே, விரல் நீளத் தண்டே நடவுக்குப் போதும். அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, மீன்தொட்டி மணலில் இரண்டு கணுக்கள் புதையுமாறு இடைவெளிவிட்டு ஊன்றவேண்டும். நெருக்கி நட்டால் கீழிலைகள் ஒளியின்றி உதிரும். நிலத்தில் படரும் தண்டு, நீருக்குள் ஒளியை நாடி நிமிர்ந்து வளரும். நுனியைக் கத்தரித்தால் பக்கக்கிளைகள் தோன்றும். கத்தரித்த நுனியையும் நடலாம். குளத்தில், ஆழம் குறைந்த விளிம்புச் சேறே இதற்கு ஏற்ற இடம். வெயிலும் ஈரமும் ஒருங்கே கிடைப்பதால் அங்கு விரைந்து படரும்.

நீரும் மூலிகையும்

மீன்கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட்டை இப்பூண்டு உறிஞ்சுவதால் தொட்டியில் பாசி மிகுவது குறையும். அதே வேர்கள் காட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்களையும் ஈர்த்துச் செடியில் சேர்க்கும். சித்த மருத்துவம் நினைவாற்றலுக்கு உரியதாகப் போற்றும் இம்மூலிகை, ஆலைக்கழிவு கலந்த நீரில் வளர்ந்தால் மருந்தாகாது. மீன்களுக்கான மருந்துகள் கலந்த தொட்டியில் வளர்ந்ததையும் உண்ணலாகாது. தூய நீரில் வளர்ந்ததும் மாசு நீரில் வளர்ந்ததும் பார்வைக்கு ஒன்றுபோலவே பசுமையாக இருக்கும். எனவே, மூலிகையைக் காக்க விரும்புவோர் முதலில் நீர்நிலையைக் காத்தல் வேண்டும்.